ஃபிலோவா, பஃப் ஷீட்டா, பரோட்டாவா: அடுக்கு இனிப்புக்கு எந்தப் பாக்கெட்டை வாங்குவது?

வீட்டில் பக்லாவா (மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே பிஸ்தா, வால்நட் போன்றவை வைத்துச் சுட்டு, பாகு ஊற்றிய இனிப்பு) மாதிரியோ கிரீம் வைத்த பேஸ்ட்ரி மாதிரியோ ஓர் இனிப்பு செய்ய வேண்டும். மாவு பிசைந்து, வெண்ணெய் வைத்து மடித்து, உருட்டி, ஃப்ரிட்ஜில் வைத்து, மறுபடி உருட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. கடையில் கிடைப்பதை வைத்தே முடிக்க வேண்டும். பலர் ஃப்ரீசர் பெட்டி முன்னால் நின்று குழம்புவது இங்கேதான். ஃபிலோ என்ற மெல்லிய மாவுத் தாள் இல்லை, முட்டை பஃப்ஸுக்கான பஃப் ஷீட் இருக்கிறது. அதிலேயே பக்லாவா வருமா? சமோசா பட்டியில் செய்கிறார்களே, அது சரிப்படுமா? வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ஃப்ரோசன் பரோட்டா போதாதா?

இனிப்பின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஷீட் தேடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. அடுக்குகளின் மேல் என்ன ஈரம் சேரப்போகிறது, பாகா, கிரீமா, பாலா? செய்து எத்தனை மணி நேரம் கழித்துச் சாப்பிடப்போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாக்கெட் தானாகவே முடிவாகிவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

ஈரம். பாகு மெல்லியதாக ஊடுருவும். கிரீம் மெதுவாக நமக்கச் செய்யும். பால் ஊற்றிய கணத்திலேயே ஊறவைக்கும். ஒவ்வொரு ஷீட்டும் இவற்றில் ஒன்றைத்தான் நன்றாகத் தாங்கும்.

காத்திருப்பு. காலையில் செய்து மாலை விருந்தாளிக்கா, முந்தின நாள் செய்து டப்பாவில் போட்டு ஊருக்கு எடுத்துப்போகவா, அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கா?

கொழுப்பு யார் கையில். சில ஷீட்டுகளில் கொழுப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கும். அது வெண்ணெயா, தாவர எண்ணெயில் செய்யும் வெண்ணெய் மாற்றான மார்ஜரினா என்பதைத் தயாரித்தவர் முடிவுசெய்துவிட்டார். சிலவற்றில் நாம்தான் தடவுகிறோம். நல்ல நெய் இருந்தால் ருசி நம் பக்கம்.

அடுப்பு. ஓடிஜி (மேஜைமேல் வைக்கும் சின்ன மின் ஓவன்), கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ், ஏர் ஃப்ரையர், வெறும் தோசைக்கல். சாதாரண மைக்ரோவேவ் மட்டும் இருந்தால் கீழே சொல்லும் முதல் இரண்டையும் மறந்துவிடுங்கள். சூடாகும், மொறுமொறுக்காது.

வீடு வந்து சேரும் வழி. உறைந்த ஷீட் வெயிலில் உருகி, வீட்டு ஃப்ரீசரில் மறுபடி உறைந்தால் பாதி கெட்டுவிட்டது என்றே அர்த்தம்.

ஷீட்டின் விலையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒரு தட்டு பக்லாவாவின் செலவில் ஷீட் சின்னப் பங்குதான். பிஸ்தாவும் நெய்யும்தான் கணக்கை ஏற்றும்.

## ஃபிலோ: பாகு என்றால் இதுதான்

மாவு, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், உப்பு. ஃபிலோவில் அவ்வளவுதான். காகிதம் போல மெல்லிய தாள்கள். நடுவில் கொழுப்பு கிடையாது. நாம் நெய் தடவி அடுக்கிச் சுடும்போது ஒவ்வொரு தாளும் தனித்தனியாகப் பொரிந்து கண்ணாடி போல் நொறுங்கும். நெய் பூசிய தாள் பாகை ஒரேயடியாகக் குடிக்காமல் அடுக்குகளுக்கு நடுவே பிடித்து வைத்துக்கொள்வதால், பக்லாவா மறுநாளும் மொறுமொறுப்பை விடாது. துருக்கியின் காஸியான்டெப் நகரத்து பக்லாவாவுக்கு 2013-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கேயும் வெண்ணெயை அப்படியே போடுவதில்லை. உருக்கித் தெளியவைத்த வெண்ணெய்தான், கிட்டத்தட்ட நம் நெய். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் தாளை நமக்கச் செய்யும். பால் திடப்பொருள் கருகிப் புள்ளி புள்ளியாக நிற்கும். அதனால் இந்த விஷயத்தில் நம் சமையலறை ஒருபடி முன்னால்தான் இருக்கிறது. வீட்டு நெய்யின் வாசனை தூக்கலாகத் தெரிகிறதே என்பவர்கள் உப்பில்லாத வெண்ணெயை மிதமான தீயில் உருக்கி, நுரையை எடுத்துவிட்டு, அடியில் படியும் வெள்ளையை விட்டுத் தெளிவை மட்டும் வடித்துக்கொள்ளலாம். பிரெட்டுக்குத் தடவும் உப்பு வெண்ணெய் இதற்கு ஆகாது.

ஃபிலோவுக்குப் பயப்படுவதற்குக் காரணம் ஒவ்வொரு தாளாக எடுத்து பிரஷ்ஷால் தடவ வேண்டும் என்ற நினைப்பு. அதற்குள் மீதித் தாள்கள் காய்ந்து உடையும். ஈரத்துணி போட்டு மூட வேண்டும். துணி கொஞ்சம் கூடுதலாக நனைந்திருந்தால் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பாட்டையெல்லாம் தாண்ட ஒரு வழி உண்டு. துருக்கி வீடுகளிலும் இப்படிச் செய்வார்கள்: பாதித் தாள்களை அப்படியே உலர்ந்தபடி தட்டில் அடுக்குங்கள். பொடித்த பருப்பை (பிஸ்தா, முந்திரி போன்றவை) பரப்புங்கள். மீதித் தாள்களை மேலே வையுங்கள். கூர்மையான கத்தியால் அடிவரை துண்டு போட்டுவிட்டு, சூடான நெய்யை வெட்டுக்கோடுகள் வழியாக மொத்தமாக ஊற்றிவிடுங்கள். கால் மணி நேரம் ஊறவிட்டுச் சுட்டால் போதும். தாளுக்குத் தாள் தடவியதற்கும் இதற்கும் சாப்பிடுபவர் வித்தியாசம் சொல்வது கஷ்டம்.

அளவு: 9 க்கு 13 அங்குலத் தட்டுக்கு ஒரு பாக்கெட் ஃபிலோ, 200 கிராமுக்குக் கொஞ்சம் கூட நெய், 400 கிராம் பருப்பு. சின்ன ஓடிஜி என்றால் எல்லாவற்றிலும் பாதி. பிஸ்தாவுக்குப் பதில் வால்நட், முந்திரி, இல்லை இரண்டும் கலந்து போடலாம். 170 டிகிரியில் 45 நிமிடம்போல ஆகும். தீ அதிகம் வைத்தால் மேலே சிவந்து நடுவில் வெள்ளை மாவாகவே நின்றுவிடும். பக்லாவா கெடுவதற்கு முதல் காரணமே இதுதான். பொறுமையாக வேக விடுங்கள்.

பாகு குலாப் ஜாமூன் பதத்தில், பிசுபிசுப்பு வந்தால் போதும். பாதுஷாவுக்கு வைப்பது போலக் கம்பிப் பதம் வந்துவிட்டால் உள்ளே இறங்காது, மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். இறக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சர்க்கரை மறுபடி கட்டியாகாது. இரண்டில் ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருக்க வேண்டும்: சூடான பக்லாவா என்றால் ஆறிய பாகு. ஊற்றியதும் மூடாதீர்கள். குறைந்தது நான்கைந்து மணி நேரம் திறந்தபடி இருக்கட்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து வாயில் ஒட்டும். முழுவதும் ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வைக்கலாம். கடலோர ஊர்களில் டப்பா இறுக்கமாக மூடுவது முக்கியம்.

மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, தேடல். சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் பேக்கிங் பொருள் கடைகள், இறக்குமதிப் பொருள் வைத்திருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும். சிறிய ஊர்களில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. இரண்டு, நேரத் திட்டம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாக்கெட்டை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் இளக்க வேண்டும். அவசரத்துக்கு மேஜையில் வைத்தால் உள்ளே நீர் வேர்த்துத் தாள்கள் ஓரத்தில் ஒட்டிக் கிழியும். கடையில் வாங்கும்போதே பாக்கெட் நெளிந்திருந்தாலோ உள்ளே பனிக்கட்டி கட்டியிருந்தாலோ விட்டுவிடுங்கள். அது ஒருமுறை உருகி உறைந்த சரக்கு.

ஏர் ஃப்ரையர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விசிறிக் காற்றில் மேல்தாள் பறக்கும். அதனால் தட்டையாக அடுக்காமல், பருப்பு வைத்துச் சுருட்டி, சுருளாகச் செய்யுங்கள்.

## பஃப் ஷீட்: கிரீம், பழம், உடனே சாப்பிடுவது

முட்டை பஃப்ஸ் சாப்பிட்ட எவருக்கும் இதன் குணம் தெரியும். மாவுக்குள் கொழுப்பை வைத்து மடித்து மடித்து உருட்டியது. மூன்றாக மடிப்பதை ஆறு முறை செய்தால் கணக்குப்படி 729 கொழுப்பு அடுக்கு. அடுப்பில் ஈரம் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்குகிறது. உள்ளே காற்றறைகள் நிறைய. இதில் பாகை ஊற்றினால் அந்த அறைகள் எல்லாம் குடித்துவிட்டுத் துவண்டுபோகும். மேல்பகுதி எழும்பும்போது பருப்பும் சரிந்துவிடும். பஃப் ஷீட்டில் பக்லாவா வருமா என்ற கேள்விக்கு என் பதில்: ஏதோ ஓர் இனிப்பு வரும், பக்லாவா வராது.

ஆனால் பிரெஞ்சுக்காரர்களின் மில்ஃபே போல இரண்டு மூன்று தட்டை அடுக்குக்கு நடுவே கஸ்டர்ட் வைத்துக் கொடுக்க இதைவிட எளிது எதுவுமில்லை. ஷீட்டை முட்கரண்டியால் நிறையக் குத்தி, இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தி 200 டிகிரியில் 25 நிமிடம்போலச் சுடுங்கள். கடைசியில் மேல்தட்டை எடுத்துவிட்டு, பொடித்த சர்க்கரை தூவிச் சில நிமிடம் கூடுதல் சூட்டில் உருகவிட்டால் பளபளவென்று ஒரு பூச்சு வரும். அழகுக்காக மட்டும் இல்லை. அந்தப் பூச்சு கிரீமின் ஈரத்தைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும்.

கஸ்டர்ட் பவுடர் போதும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு ஊற்றிச் சாப்பிடும் கஸ்டர்டுக்கு. அடுக்குக்கு நடுவே நிற்க அரை லிட்டர் பாலுக்கு அதைப்போல இரண்டு பங்கு போட வேண்டும். முழுவதும் ஆறட்டும். டெட்ரா பாக்கெட்டில் வரும் 25 சதவீதக் கொழுப்பு ஃபிரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நிற்காது. அடித்தால் எழும்பும் விப்பிங் கிரீமே வேண்டும். பால் அல்லாத வகை என்றால் அதில் சர்க்கரை ஏற்கெனவே உண்டு, கூட்டாதீர்கள்.

இனி கொழுப்பு. இந்தியாவில் விற்கும் பஃப் ஷீட்டுகள் பலவற்றில் வெண்ணெய் கிடையாது, மார்ஜரின்தான். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். டிரான்ஸ் கொழுப்புப் பயம் பழைய அளவுக்கு வேண்டாம். 2022 ஜனவரி முதல் சமையல் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வரம்பு வைத்திருக்கிறது. பிரச்சினை ருசியில். வெண்ணெய் வாய்ச்சூட்டிலேயே உருகும். மார்ஜரின் உருக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். குளிர்ந்த கிரீமோடு சாப்பிட்டால் மேலண்ணத்தில் மெழுகாகப் படியும். ஆகவே மார்ஜரின் ஷீட் என்றால் இளஞ்சூடாகப் பரிமாறும் இனிப்பைத் தேர்ந்தெடுங்கள்: மாம்பழத் துண்டோ வாழைப்பழமோ வெல்லமோ வைத்து மடித்துச் சுட்டது நன்றாக இருக்கும். ஒரு நல்லதும் உண்டு: நம் ஊர் வெயிலில் வெண்ணெய் ஷீட் மேஜைமேல் சீக்கிரம் குழைந்துவிடும், மார்ஜரின் ஷீட் தாக்குப்பிடிக்கும். பக்கத்துத் தெரு பேக்கரியில் சுடாத பஃப் மாவு கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை. பழகிய கடை என்றால் சில நேரம் கொடுப்பார்கள், அதுவும் மார்ஜரினாகவே இருக்கும்.

மறைமுகச் செலவு: காத்திருக்காது. கிரீம் வைத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடித்தட்டு நமத்துப்போகும். தட்டைகளைக் காலையில் சுட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு, விருந்தாளி வந்தபின் அடுக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் சமையலறையில் இருக்கத் தயாரா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

## சமோசா பட்டியும் ஸ்பிரிங் ரோல் ஷீட்டும்

இரண்டும் கல்லில் பாதி வெந்த தாள்கள். ஃபிலோவைவிடக் கனம் அதிகம், உள்ளே கொழுப்பு இல்லை. பத்து தாளை அடுக்கிச் சுட்டால் ஓரம் கருகி நடுவில் தோல்போல இழுபடும். மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போக வேண்டாம்.

இதன் பலம் வேறு இடத்தில். ஒவ்வொரு தாளுக்கும் நெய் தடவி, சர்க்கரை தூவி, தனித்தனியாக 180 டிகிரியில் பத்து நிமிடம்போலச் சுட்டால் மெல்லிய மொறுமொறு வில்லைகள் கிடைக்கும். கெட்டித் தயிரை வடிகட்டிச் சர்க்கரை, ஏலக்காய் சேர்த்த ஸ்ரீகண்டும் மாம்பழமும் நடுவே வைத்து அடுக்கினால், பஃப் ஷீட்டைவிட லேசாக, மார்ஜரின் இல்லாமல் ஓர் இனிப்பு. ஓவன் இல்லையென்றால் பொடித்த பிஸ்தா, முந்திரிப் பூரணம் வைத்துச் சுருட்டிப் பொரித்து, பாகில் முக்கி எடுங்கள். பட்டியும் மலிவு, ரம்ஜான் மாதத்தில் உறையாத, அன்றே போட்ட பட்டியாகக் கிடைக்கும். பட்டி குறுகலான நாடாவாக வரும். அடுக்க வேண்டுமென்றால் சதுரமான ஸ்பிரிங் ரோல் ஷீட்டே வசதி.

## ஃப்ரோசன் பரோட்டா

கல்லில் போட்டு, சாப்பிட்டு முடிக்க. அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். லேசாக இளகியதும் பொடித்த பிஸ்தாவும் சர்க்கரையும் தூவி நாலாக மடித்து, மிதமான தீயில் நெய் விட்டுச் சுட்டு, பாலேடு வைத்துக் கொடுங்கள். காஸியான்டெப்பில் காலை உணவாகச் சாப்பிடும் கட்மெர் என்பதும் மெல்லிய மாவுக்குள் பிஸ்தா, சர்க்கரை, பாலேடு வைத்து மடித்ததுதான். பரோட்டா அதன் தடித்த உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். காகிதம் போல மெல்லிய ரொட்டி டிஷ்யூவில் கண்டென்ஸ்டு மில்க் விட்டுச் சாப்பிட்டுப் பழகிய மலேசிய, சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மாவில் உப்பும் இழுவையும் இருக்கும். ஆறினால் ரப்பர். தட்டில் பல பரோட்டாவை அடுக்கி ஓவனில் வைத்தால் நடுவில் வேகாது.

## எதுவும் சுட வேண்டாம் என்றால்: பதிர் பேணி

ஃப்ரீசர் பக்கமே போகாத வழியும் இருக்கிறது. இனிப்புக் கடையில் அடுக்கடுக்காகப் பொரித்த பேணி வாங்கி, தட்டில் வைத்து, சர்க்கரைப் பொடி தூவி, சூடான பாதாம் பால் ஊற்றுங்கள். கர்நாடகத்தில் சிரோட்டி என்று கல்யாணங்களில் போடுவதும் இதே வகைதான். அடுக்கு வேலையைக் கடைக்காரர் முடித்துவிட்டார். பால் மட்டும் உங்களுடையது. அதை ரெடிமேட் பாதாம் மிக்ஸில் முடிக்காமல், ஊறவைத்த பாதாமை அரைத்துக் காய்ச்சினால் மரியாதையாக இருக்கும். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை இருந்தால் பால் அதை மறைக்காது, எடுத்துக்காட்டும். பாலை மேஜையில் வைத்துதான் ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் கூழ்.

## ஒரே பார்வையில்

| | எந்த ஈரம் | எவ்வளவு நேரம் தாங்கும் | கொழுப்பு | அடுப்பு | சிக்கும் இடம் |
|---|---|---|---|---|---|
| ஃபிலோ | பாகு | சில நாள் | உங்கள் நெய் | ஓவன் | தேடல், ஒரு ராத்திரி இளக்கம் |
| பஃப் ஷீட் | கஸ்டர்ட், கிரீம், பழம் | ஒன்றிரண்டு மணி நேரம் | பெரும்பாலும் மார்ஜரின் | ஓவன், ஏர் ஃப்ரையர் | கடைசி நேர வேலை |
| ஸ்பிரிங் ரோல் ஷீட், பட்டி | கெட்டி கிரீம். பொரித்தால் பாகு | கிரீம் வைக்காத வில்லை ஒரு நாள் | உங்கள் நெய் அல்லது எண்ணெய் | ஓவன் அல்லது வாணலி | அதிக அடுக்கு வராது |
| பரோட்டா | பாலேடு, கண்டென்ஸ்டு மில்க் | சூடு ஆறும்வரை | பாமாயில் முதலியன | தோசைக்கல் | உப்பு, இழுவை |
| பேணி | பால் | ஊற்றியதும் | கடைக்காரர் பொரித்தது | வேண்டாம் | பழைய சரக்கு |

தீபாவளிக்கு நாலு வீட்டுக்குக் கொடுக்க, ஊருக்குப் பொட்டலம் கட்ட என்றால் ஃபிலோவைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள். தேடும் அலைச்சலுக்குத் தகும். பிறந்தநாளுக்கு வீட்டிலேயே ஆறேழு பேர், குழந்தைகள் கூட்டம் என்றால் பஃப் ஷீட். முட்டை சேர்க்காத வீடென்றால் மேலே முட்டைக்குப் பதில் பால் தடவுங்கள், கொஞ்சம் நிறம் குறையும், அவ்வளவுதான். ஓவன் இல்லாதவர்கள் பட்டிச் சுருளுக்கும் பேணிக்கும் நடுவே தேர்வுசெய்யலாம். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் நான் பேணியைத்தான் எடுப்பேன். ராத்திரி ஒன்பது மணிக்குத் திடீரென்று ஆசை வந்தால் பரோட்டா.

முதல்முறை செய்பவர், ஓவன் இருக்கிறது, எந்தக் கட்டாயமும் இல்லை என்றாலும் ஃபிலோவையே சொல்வேன். பஃப் ஷீட் எளிது என்பது பேச்சளவில்தான். அதில் ஷீட் எளிது, மேலே வைக்கும் கிரீமில்தான் சறுக்கும். நெய்யை மொத்தமாக ஊற்றும் முறையில் ஃபிலோவுக்குக் கைத்திறன் தேவையில்லை. தாள் கிழிந்தாலும் உள்ளே வைத்து மேலே நல்ல தாளை மூடினால் தெரியாது.

## மிச்சம்

பாக்கெட் முழுவதும் ஒரே தடவையில் தீராது. இளகிய ஃபிலோவை மறுபடி உறையவைக்காமல் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளுக்குள் பயன்படுத்துங்கள். துண்டு துணுக்குகளையும், நமத்துப்போன பஃப் தட்டைகளையும் தூக்கிப் போட வேண்டாம். எகிப்தில் உம் அலி என்று ஒரு இனிப்பு: சுட்ட பேஸ்ட்ரியை உடைத்துப் போட்டு, திராட்சை, பருப்பு தூவி, சர்க்கரை சேர்த்த சூடான பாலை ஊற்றி, மேலே கொஞ்சம் கிரீம் விட்டு, நிறம் வரும்வரை ஓவனில் வைப்பார்கள். ஃபிலோவாக இருந்தால் முதலில் நெய் தெளித்துத் தனியாக மொறுமொறுவென்று சுட்டுக்கொள்ளுங்கள். இதற்கு அளவு எதுவும் வேண்டாம், பேஸ்ட்ரி மூழ்கும் அளவு பால் இருந்தால் போதும்.